அப்பாவின் மோட்டாரும் அரைப் போத்தல் எண்ணெயும்



நம் பள்ளியின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு தலைமையாசிரியர் அவர்கள் பணித்தபோது நான் பெரிதும் தயங்கினேன். நான் எழுத்தாளனும் அல்லன். மேடைப் பேச்சாளனும் அல்லன். கிள்ளான் பட்டணத்தில் சிறியதொரு மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்துப் பிழைப்பவன். "நான் அறிந்ததெல்லாம் எண்ணெயும் அழுக்கும்தானே, ஐயா?" என்றேன். "அப்படியாயின் எண்ணெயைப் பற்றியே எழுதுங்கள். நம் பெற்றோர்களில் மோட்டார் ஓட்டாதவர் எத்தனை பேர்?" என்று அவர் விடையிறுத்தார். ஆகவே, பெட்ரோலைப் பற்றியும் என் தந்தையாரைப் பற்றியும் ஈண்டு எழுதத் துணிகிறேன். இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு இயலவில்லை.

அது 1986ஆம் ஆண்டு. காப்பார் சாலையை ஒட்டிய தோட்டம் ஒன்றில் அப்பா பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தார். நான் இப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன். எங்கள் குடும்பத்தின் பெருஞ்சொத்து, வேறொருவரிடமிருந்து விலைக்கு வாங்கிய ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள். அதன் இயந்திரக் கொள்ளளவு 72 சிசி. எண்ணெய்த் தொட்டியோ ஏறத்தாழ நான்கு லிட்டர் மட்டுமே கொள்ளும். அம்மாவைச் சந்தைக்கும், பாட்டியை மருத்துவமனைக்கும், அரிசி மூட்டையை வீட்டுக்கும் சுமந்து வந்தது அந்த வண்டிதான்.

அவ்வாண்டு பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் நடைபெற்ற மாணவர் பேச்சுப் போட்டி ஒன்றுக்கு நம் பள்ளியின் சார்பில் நான் தேர்ந்தெடுக்கப்பட்டேன். "காலம் பொன் போன்றது" என்பது தலைப்பு. ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை இரண்டு வாரம் இரவும் பகலும் நெட்டுருச் செய்தேன். லயத்து வாசலில் நின்று நான் பேசிப் பழகும்போதெல்லாம் அண்டை வீட்டார் வந்து கேட்டுச் செல்வார்கள். அப்பா மட்டும் கேட்டதில்லை. விடியுமுன்னே பெரட்டுக்குச் செல்பவர், இரவில் நான் பேசத் தொடங்குமுன் உறங்கிவிடுவார்.

போட்டி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அன்றைய நாள் கூலியை இழந்து, மண்டோரிடம் சொல்லிவிட்டு அப்பா என்னை அழைத்துச் செல்ல ஒப்புக்கொண்டார். தோட்டத்திலிருந்து கிள்ளான் வழியாக பிரிக்பீல்ட்ஸ் செல்ல ஏறத்தாழ முப்பது மைல். அது மாதக் கடைசி. சம்பளம் இன்னும் போடவில்லை. வண்டியை இருபுறமும் சாய்த்து, தொட்டிக்குள் எண்ணெய் அசையும் ஓசையைக் கேட்டு அளவறிவது அப்பாவின் வழக்கம். அன்றும் அவ்வாறே கேட்டார், முகம் சுருங்கிற்று. தோட்டத்திற்கு அருகிலிருந்த மளிகைக் கடையில் போத்தலில் அடைத்த பெட்ரோல் விற்பார்கள். அங்கே அரைப் போத்தல் எண்ணெயைக் கடனாக வாங்கி ஊற்றினார். அந்தப் போத்தல் கடை வாசலில், வாயில் காகிதச் சுருளோடு, முதல் நாள் பெய்த மழையில் நின்றிருந்ததை நாங்கள் இருவரும் பார்த்தோம். ஆனால் அதைப் பற்றி இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை.

அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது இரண்டு வெள்ளி. கிள்ளான் பட்டணத்து எண்ணெய் நிலையத்தைக் கடக்கும்போது வண்டியின் வேகத்தைச் சற்றே குறைத்தார். பின்னர் நிறுத்தாமலே சென்றுவிட்டார். "பிரிக்பீல்ட்ஸ் வரை போதும், ஐயா. திரும்பி வருவதற்குச் சித்தப்பாவிடம் கேட்டுக்கொள்ளலாம்" என்றார். சித்தப்பா இரயில்வேயில் வேலை செய்து, பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் வசித்துவந்தார்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை ஒன்று உண்டு. 1970களில் அமைக்கப்பட்ட அப்பாதை, உலகிலேயே இத்தகைய பாதைகளுள் முதன்மையானது என்பர். 1990களின் தொடக்கத்தில் அது மேலும் நீட்டப்பட்டது. நாங்கள் சுபாங்கைத் தாண்டி அப்பாதையில் சென்றுகொண்டிருந்தபோது, வண்டி இருமுறை இருமிற்று. பின்னர் இழுவை குறைந்து நின்றுபோயிற்று.

அப்பா பதறவில்லை. குனிந்து எண்ணெய்த் திருகை 'ரிசர்வ்' எனும் சேம இருப்புக்குத் திருப்ப முனைந்தார். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. திருகு ஏற்கெனவே ரிசர்வில்தான் இருந்தது! வியாழக்கிழமை பாட்டிக்கு மருந்து வாங்கச் சென்றபோது திருப்பியவர், அதனைப் பழைய நிலைக்கு மாற்ற மறந்துபோயிருந்தார். இரண்டு நாட்களாக வண்டி ரிசர்விலேயே ஓடியிருக்கிறது.

ஆயினும் தொட்டியை அசைத்தபோது ஓசை கேட்டது. உள்ளே ஏதோ இருக்கிறது. ஆனால் இயந்திரம் அதனை ஏற்கவில்லை. அப்பா திருப்புளியை எடுத்து, கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்தினார். என் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் வடித்த எண்ணெயை ஏந்திப் பார்த்தோம். எண்ணெய்க்கு அடியில் கண்ணாடிக் குண்டுகள் போலச் சில துளிகள் தனியே உருண்டோடின. "தண்ணீர்" என்றார் அப்பா. மூன்று முறை வடித்தார். வண்டி புறப்பட்டுச் சிறிது தொலைவு ஓடிற்று, மீண்டும் நின்றது. இம்முறை தொட்டியில் ஓசையும் இல்லை.

மணி ஒன்பதரை ஆகியிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒருங்கே வந்தன. "மற்றப் பிள்ளைகளெல்லாம் காரில் வந்து இறங்குவார்கள். நாலு காசை மிச்சம் பிடிக்கப் போய் என்னை நடுரோட்டில் நிறுத்திவிட்டீர்களே, அப்பா!" என்று கத்தினேன். அப்பா ஒரு சொல்லும் மறுமொழி கூறவில்லை. வண்டியைத் தள்ளத் தொடங்கினார். அரை மணி நேரத்திற்கும் மேலாகத் தள்ளினார்; நான் பின்னால் முறைத்துக்கொண்டே நடந்தேன்.

அப்பொழுது மலாய் இளைஞர் ஒருவர் தமது மோட்டாரை நிறுத்தினார். "எண்ணெய் முடிந்துவிட்டதா, பாக்சிக்?" என்று மலாயில் கேட்டார். என்னைத் தம் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஓடும் தம் வண்டியிலிருந்தே எங்கள் வண்டியின் பின் கால்மிதியில் ஒரு காலை ஊன்றித் தள்ளியவாறு எண்ணெய் நிலையம் வரை கொண்டுவந்து சேர்த்தார். இது ஆபத்தான பழக்கமே. யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆயினும் அன்று அந்தக் கால் எங்களுக்குத் தெய்வத்தின் கையாகத் தோன்றிற்று. பெயரும் சொல்லாமல் அவர் போய்விட்டார். அப்பா அந்த இரண்டு வெள்ளிக்கும் எண்ணெய் ஊற்றினார்.

நாங்கள் மண்டபத்தை அடைந்தபோது மணி பதினொன்று கடந்திருந்தது. எங்கள் பிரிவுப் போட்டி முடிந்துவிட்டது. ஏற்பாட்டாளர்கள் அன்போடு பேசினார்கள். என் கையில் ஒரு பலகாரப் பொட்டலம் கொடுத்தார்கள். விதியை மாற்ற அவர்களால் இயலவில்லை. அது அவர்கள் குற்றமும் அன்று. அப்பா மண்டபத்துக்குள் நுழையவேயில்லை. கையில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று வாசலிலேயே நின்றுகொண்டார்.

சித்தப்பா வீட்டில் உணவருந்திவிட்டு மாலையில் திரும்பினோம். வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. மோட்டார் ஓட்டிகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு பாலத்தின் அடியில் ஒதுங்கி நின்றனர். நாங்களும் அங்கே ஒதுங்கினோம். காலையிலிருந்து அப்பாவிடம் நான் பேசவில்லை. மழை விடுவதாகத் தெரியவில்லை. திடீரென்று அப்பா கேட்டார்: "ஐயா, அந்தப் பேச்சை நான் இன்னும் கேட்கவில்லையே. இப்பொழுது சொல்லு பார்ப்போம்."

முதலில் மறுத்தேன். அவர் மீண்டும் கேட்டார். பாலத்தடியில், ஈரச் சட்டையோடு நின்று, "அவைத் தலைவர் அவர்களே!" என்று தொடங்கினேன். நனைந்து நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுள் தமிழறிந்தோர் இரண்டு மூவர் இருக்கலாம். பேச்சின் நடுவே, "காலந் தவறுபவன் கடமை தவறியவன் ஆவான்" என்றொரு வரி வரும். அந்த இடத்தில் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். என் நா எழவில்லை. அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குச் சென்றேன். முடித்ததும் அனைவரும் கைதட்டினார்கள். அப்பா கைதட்டவில்லை, தம் தலைக்கவசத்தை எடுத்து என் தலையில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். காலையில் நான் கூறிய சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க அதுவே தக்க நேரம். நான் கேட்கவில்லை. பின்னர் கேட்கலாம் என்றிருந்தேன். அப்பா மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அந்தச் சொல் இன்னும் என்னிடமே இருக்கிறது.

நிற்க. அன்று நடந்தது என்ன என்பதை, பட்டறைத் தொழிலைக் கற்ற பிறகே நான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். மாணவர்களும் பெற்றோர்களும் அறிந்திருத்தல் நலம் என்பதால் அதனை விளக்குகிறேன்.

முதலாவது, ரிசர்வ் என்பது தனித் தொட்டி அன்று. தொட்டிக்குள் உயரமும் குட்டையுமாக இரண்டு குழல் வாய்கள் உள்ளன. திருகு வழக்கமான நிலையில் இருக்கும்போது உயர்ந்த வாய் வழியே எண்ணெய் இறங்கும். எண்ணெய் மட்டம் அதற்குக் கீழே போனதும் வண்டி இருமும். அந்த இருமலே எச்சரிக்கை. ரிசர்வுக்குத் திருப்பினால் அடியிலுள்ள தாழ்ந்த வாய் திறக்கும். எஞ்சிய சிறிதளவு எண்ணெயில் நிலையத்தைத் தேடிச் செல்லலாம். எண்ணெய் நிரப்பியதும் திருகைப் பழைய நிலைக்கு மாற்றிவிட வேண்டும். மறந்தால் அடுத்த முறை எச்சரிக்கை கிடைக்காது. எப்பொழுதும் ரிசர்வில் ஓட்டுபவனுக்கு ரிசர்வே இல்லை.

இரண்டாவது, தண்ணீர் எண்ணெயோடு கலவாது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலோ ஏறத்தாழ முக்கால் கிலோதான். ஆகவே தண்ணீர் அடியில் தங்கும். துருவும் தூசும் அங்கேயே படியும். ரிசர்வின் தாழ்ந்த வாய் அந்த அடிமட்டத்தைத்தான் உறிஞ்சுகிறது. எண்ணெய் குறைந்த வண்டி கசடையே குடிக்கிறது. எங்கள் வண்டியில் எண்ணெய்க் குறைவும் எண்ணெய்க் கேடும் ஒரே நாளில் வந்தது தற்செயல் அன்று. ஒன்று மற்றொன்றை இழுத்து வந்தது. என் பட்டறையில் ஒரு கண்ணாடிக் குடுவையில் சிறிது பெட்ரோலும் சிறிது தண்ணீரும் ஊற்றி மூடி வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் கேட்டால் குலுக்கிக் காட்டுவேன். ஒரு நிமிடத்தில் இரண்டும் பிரிந்து நிற்பதைக் கண்டபின் யாரும் ஐயுறுவதில்லை.

மூன்றாவது, கணக்கு. மாணவர்களே, உங்கள் கணிதப் பாடத்தை இங்கே பயன்படுத்துங்கள். அப்பாவின் மோட்டாரில் எண்ணெயை முழுமையாக நிரப்பச் சொல்லி, ஓடிய தூரம் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை முழுமையாக நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். 96 கிலோமீட்டர் ஓடிய பின் இரண்டு லிட்டர் பிடித்தால், ஒரு லிட்டருக்கு 48 கிலோமீட்டர். நான்கு லிட்டர் தொட்டிக்கு 192 கிலோமீட்டர். அதில் கால் பங்கை அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டால் நம்பி ஓடக்கூடியது 144 கிலோமீட்டர். இருவர் ஏறினாலும், சக்கரத்தில் காற்றுக் குறைந்தாலும், சங்கிலி இறுகினாலும் இத்தூரம் குறையும். சாய்த்து ஓசை கேட்பதைவிட இக்கணக்கு நம்பத்தக்கது.

எண்ணெயின் தரத்தைப் பற்றியும் சில சொற்கள். நம் நாட்டில் 2009ஆம் ஆண்டில் ரோன்92 வகைக்குப் பதிலாக ரோன்95 வந்தது. அந்த எண், அழுத்தத்தில் எண்ணெய் முன்கூட்டியே வெடித்து இயந்திரத்தைத் தட்டாமல் தாங்கும் திறனைக் குறிக்கும். அது வலிமையின் அளவு அன்று. ஆகவே, சாதாரணச் சிறு மோட்டாருக்கு விலை மிகுந்த ரோன்97 ஊற்றினால் குதிரை போலப் பாயும் என்பது வீண் நம்பிக்கை. ஆனால் மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் இயந்திரத்தைத் தட்டச் செய்யும். பிளக்கிலும் உள்ளறையிலும் கரி படியச் செய்யும். நான் சிறுவனாக இருந்தபோது பெட்ரோலில் ஈயமும் கலந்திருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. நம் நாட்டில் 1990களில் ஈயமற்ற பெட்ரோல் பரவிற்று. 2021ஆம் ஆண்டில் அல்ஜீரியாவும் கைவிட்ட பிறகே, உலகின் எந்த நாட்டிலும் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்கப்படாத நிலை வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கேடு நீங்க எத்தனை காலம் ஆயிற்று, பாருங்கள்!

இன்றைய புதிய மோட்டார்களில் கார்புரேட்டருக்குப் பதிலாக எண்ணெயைப் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. பெரும்பாலானவற்றில் ரிசர்வ் திருகே இல்லை. முள்ளோ விளக்கோதான் எச்சரிக்கும். "விளக்கு எரிந்தாலும் இன்னும் இருபது கிலோமீட்டர் ஓடும், அண்ணே" என்று இளைஞர்கள் என்னிடம் பெருமை பேசுவார்கள். தொட்டிக்குள் இருக்கும் சிறு பம்பு, தன்னைச் சூழ்ந்த எண்ணெயினாலேயே குளிர்ச்சி பெறுகிறது. தொட்டி வறண்டால் பம்பு சூடேறிக் கெடும். ஐந்து வெள்ளி எண்ணெயை மிச்சம் பிடித்தவர், பின்னர் புதிய பம்பு வாங்கிப் பன்மடங்கு செலவழிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழாயை வாயில் வைத்து எண்ணெய் உறிஞ்சும் பழக்கத்தை விட்டொழியுங்கள். அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. குடிநீர்ப் போத்தலில் பெட்ரோல் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு அது தண்ணீராகத் தோன்றும்.

அப்பாவின் சிறு மோட்டாரைப் போன்ற வண்டிகளை நம் நாட்டில் 'கப்சாய்' என்பர். 1958ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப் குடும்பத்தின் உற்பத்தி, 2017ஆம் ஆண்டில் பத்துக் கோடியை எட்டியது. அத்தனை கோடி வண்டிகளில் எத்தனை தந்தையர் எத்தனை பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றிருப்பர்!

அன்று நான் நாலு காசு மிச்சம் என்று ஏசினேன். அப்பா மிச்சம் பிடித்தது காசை அன்று. மிச்சம் பிடிக்க அவரிடம் காசே இல்லை. மாதம் முழுவதும் ரிசர்வில் ஓடிய குடும்பம் எங்களுடையது. அப்பா தமக்கென்று ஒன்றும் ஒதுக்காமல், அடிமட்டம் வரை எங்களுக்காக ஓடினார். வாழ்க்கையில் எனக்குச் சற்று வசதி வந்தபின் நான் செய்த முதற்காரியம், என் வண்டித் தொட்டி பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டதுதான். அதை நான் அவரிடமிருந்து கற்றேன். அவர் செய்ததைப் பார்த்தன்று, செய்ய இயலாது போனதைப் பார்த்து.

ஆகவே, மாணவச் செல்வங்களே! நாளைக் காலை உங்கள் அப்பா மோட்டாரை எடுக்கும்போது, "எண்ணெய் இருக்கிறதா, அப்பா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் அவரோடு சேர்ந்து தள்ளுங்கள். பின்னால் முறைத்துக்கொண்டு நடக்காதீர்கள். நீங்கள் மனனம் செய்த பேச்சை, பாட்டை, முதலில் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிக் காட்டுங்கள். பரிசு வரும், போகும். கேட்பதற்கு அவர்கள் இருக்கும் காலமே பொன்னான காலம்.



— முன்னாள் மாணவர் ஒருவர், கிள்ளான்